சான்-போல்-த-லெயோன் விவசாயிகள்: கட்டுரையில் விடுபட்ட பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளைபொருளைச் சாலையில் கொட்டும் விவசாயிகளைப் பற்றி உங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரை, பிரான்ஸின் பிரிட்டனி பகுதியை உதாரணம் காட்டியிருந்தது. 1961 ஜூன் மாதம் அந்த விவசாயிகள் டிராக்டர்களில் திரண்டுபோய் அரசு அலுவலகத்தைப் பிடித்தார்கள், அரசு இறங்கி வந்தது, அவர்கள் பிழைத்தார்கள் என்று மூன்று வரியில் கதை முடிந்துவிட்டது. அலுவலகத்தைப் பிடித்தது உண்மைதான். ஆனால் அவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் இடையே இருந்த பேரத்தின் போக்கை மாற்றியது, தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட ஒரு விற்பனை விதி. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. கலகத்தை மட்டும் படித்துவிட்டுப் போகிற வாசகர் தவறான பாடத்தோடு போவார் என்பதால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகிறது, பொறுத்துக்கொள்ளவும்.

சம்பவத்தின் மையம் சான்-போல்-த-லெயோன் என்ற சிற்றூர். பிரிட்டனியின் வடக்குக் கடற்கரையில், ரோஸ்கோஃப் துறைமுகத்துக்குத் தெற்கே 5 கிலோமீட்டரில் இருக்கிறது. மக்கள் தொகை சுமார் 6,500. சுற்றிலும் சமதரை என்பதால் கிரைஸ்கெர் ஆலயத்தின் கூர்ங்கோபுரம் வெகுதூரத்திலேயே கண்ணில் படும். உயரம் ஏறத்தாழ 78 மீட்டர், பிரிட்டனியிலேயே உயரமானது. 6ஆம் நூற்றாண்டில் வேல்ஸிலிருந்து கடல் கடந்து வந்த போல் ஒரேலியன் என்ற துறவியின் பெயரால் ஊர் எழுந்தது. பிரெஞ்சுப் புரட்சி வரை இங்கே ஆயர் பீடமும் இருந்தது. பீடம் போனது, பேராலயம் நின்றது. அதற்குள் இன்றும் சின்னச் சின்ன மரப்பெட்டிகளில், பெயர் எழுதி, ஊர்ப் பெரியவர்களின் மண்டையோடுகளை வைத்திருக்கிறார்கள். ஆயரும் அவருடைய வரவுசெலவும் போனபின் ஊருக்கு மிஞ்சியது மண்தான்.

அந்த மண் சாதாரண மண் அல்ல. காற்று கொண்டுவந்து படிய வைத்த ஆழமான வண்டல். கல் குறைவு, உழுவது எளிது, ஈரம் நிற்கும். கடலின் வெதுவெதுப்பால் கடும் உறைபனி அபூர்வம். பாரிஸ் பக்கம் வயல்கள் விறைத்துக் கிடக்கும் ஜனவரியில் இங்கே காலிஃபிளவர் வெட்டுவார்கள். மண்ணுக்கு ஊட்டமும் கடல்தான். பெரிய ஓதங்களின்போது இங்கே நீர்மட்டம் 9 மீட்டர் வரை ஏறி இறங்கும். வற்றிய நேரத்தில் பாறைகளில் வெட்டியும், கரை ஒதுங்கியதை வாரியும், கடற்பாசியைக் குதிரை வண்டிகளில் ஏற்றி வயலில் பரப்பினார்கள். குளிர்கால மழை உப்பைக் கழுவிய பிறகு உழுது புதைப்பது வழக்கம். கடற்பாசியில் சாம்பல்சத்து (பொட்டாஷ்) மிகுதி, மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு. தொழுவுரத்தைப் போலக் களை விதை எதையும் கூடவே கொண்டு வராது என்பது அதன் பெரிய வசதி. அமிலம் மிகுந்த பிரிட்டனி மண்ணைச் சரிசெய்யச் சிப்பி மணலையும், மேர்ல் என்ற சுண்ணாம்புப் பாசியையும் போட்டார்கள்.

சுண்ணாம்பு ஏன் என்று கேட்டால் காலிஃபிளவரைப் பார்க்க வேண்டும். முட்டைக்கோஸ் குடும்பத்துப் பயிரை ஒரே நிலத்தில் திரும்பத் திரும்ப நட்டால் கிளப் ரூட் என்னும் வேர்வீக்க நோய் வரும். வேர் முண்டு முண்டாகப் பருத்து, வெயிலில் செடி வாடி நிற்கும். நோய்க்கிருமியின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அமில மண் அதற்குக் கொண்டாட்டம், சுண்ணாம்பேறிய மண் ஆகாது. ஜூலை, ஆகஸ்டில் நடுவார்கள்; ரகத்தைப் பொறுத்து அக்டோபர் முதல் மே வரை வெட்டு. பூவின் மேல் வெயிலோ உறைபனியோ பட்டால் வெள்ளை மஞ்சளாகிவிடும், விலை பாதியாகிவிடும். உள்ளிலைகள் பூவை மூடியிருக்கும் ரகங்களை விரும்புவதற்கும், வெட்டும்போது சுற்றிலும் ஒரு வரிசை இலையைக் கிரீடம் போல நறுக்கி விட்டுவைப்பதற்கும் காரணம் இதுதான். வெட்டுவது கையால்தான், இன்றைக்கும். ஒரே வயலில் எல்லாப் பூவும் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆகவே ஒரே வரிசையில் பலமுறை நடந்து, முற்றியதை மட்டும் பார்த்து வெட்ட வேண்டும். மழையில், சேற்றில், குனிந்தபடி.

ஆர்ட்டிசோக் நம் வாசகர்கள் பலருக்கு அறிமுகம் இல்லாதது. முட்செடிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெருஞ்செடியின் விரியாத மொட்டு அது. வாழைப்பூவைப் போல மடல் மடலாக உரித்து உள்ளே போக வேண்டும். மடலின் அடிச்சதையைச் சுரண்டித் தின்றபின், நடுவிலுள்ள நாரை வழித்து எறிந்தால் அடியில் தட்டையான சதை கிடைக்கும். சான்-போலைச் சுற்றியுள்ள லெயோன் பகுதியின் ரகம் ‘காமு’: உருண்டை, பச்சை, கனமானது, முழுசாக வேக அரைமணிக்கு மேல் ஆகும். விதை போட்டு வளர்ப்பதில்லை. இளவேனிலில் தாய்ச்செடியின் அடியிலிருந்து பக்கக் கன்றுகளை, வேர்த்துண்டோடு சேர்த்துப் பிய்த்து எடுத்து, ஒரு சதுர மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் ஹெக்டேருக்குச் சுமார் 10,000 கன்று நடுகிறார்கள். தாய்ச்செடியிலும் இரண்டு மூன்று கன்றுகளை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இலைக்காடுதான் மிஞ்சும், மொட்டு சிறுக்கும். முதல் ஆண்டு இலையுதிர் காலத்தில் கொஞ்சம் மகசூல், அடுத்த இரண்டு ஆண்டுகளும் மே மாதம் தொடங்கி முழு மகசூல், பிறகு பிடுங்கிவிட்டு வேறு பயிர். குளிர்காலத்துக்கு முன் செடியடியில் மண் அணைப்பது கட்டாயம். மைனஸ் 10 டிகிரியை நெருங்கும் குளிர் வந்தால் இலை கருகுவதோடு நிற்காது, கிழங்கே செத்து அடுத்த ஆண்டுக் கன்றும் போய்விடும். கன்றிலிருந்து கன்று எடுப்பதில் இன்னொரு சங்கடம்: தாயிடம் இருக்கும் வைரஸ் எல்லாம் பிள்ளைக்கும் வரும். ஆய்வுக்கூடத்தில் குருத்துநுனியிலிருந்து வளர்த்த சுத்தமான கன்றுகளுக்கு அவர்கள் போனது அதனால்தான்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த இரண்டு பயிருக்கும் ஒரே குணம்: காத்திருக்காது. பிப்ரவரியில் ஒரு வாரம் குளிர் விட்டு வெதுவெதுப்பானால், மூன்று வாரத்துக்கு வர வேண்டிய காலிஃபிளவர் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். மே மாத வெயில் கொஞ்சம் ஏறினால் அத்தனை வயலிலும் ஆர்ட்டிசோக் ஒன்றாக முற்றும். நான்கு நாள் தாமதித்தால் மடல் விரிந்து, உள்நார் ஊதா நிறமாகி, யாரும் வாங்கமாட்டார்கள். எல்லா விவசாயியிடமும் ஒரே சரக்கு, ஒரே நாளில், அழுகும் சரக்கு. வாங்குகிறவனுக்கு இதைவிட வசதியான நிலை உண்டா?

1950களின் கடைசி வரை விற்பனை நடந்த விதம் இது. விடிவதற்கு முன்பே வண்டியில் சரக்கை ஏற்றிக்கொண்டு ஊர்ச் சதுக்கத்துக்கு வந்து வரிசை கட்ட வேண்டும். மொத்த வியாபாரிகளின் ஆட்கள் வண்டி வண்டியாகப் பார்த்து ஒரு விலை சொல்வார்கள். பக்கத்து வண்டிக்கு என்ன விலை சொன்னார்கள் என்பது இவருக்குத் தெரியாது. மறுத்தால் நேரம் போகும்; நேரம் போனால் விலை இன்னும் இறங்கும். ஒத்துக்கொண்டு எடைமேடைக்குப் போன பிறகு ‘தரம் சரியில்லை’ என்று இன்னும் கொஞ்சம் குறைப்பதும் உண்டு. பாரிஸ் சந்தையில் அன்று என்ன விலை என்பது வியாபாரிக்குத் தெரியும், விவசாயிக்குத் தெரியாது. பக்கத்து நகரமான மொர்லேயிலிருந்து ரோஸ்கோஃப் வரை ரயில் பாதை 1883இலேயே வந்துவிட்டது. சரக்கு பாரிஸ் போக வழி இருந்தது, விலைச் செய்தி திரும்பி வர வழி இல்லை.

இந்தப் பிடியிலிருந்து முன்பே தப்பியவர்கள் ரோஸ்கோஃப் வெங்காயக்காரர்கள். 1828இல் ஆன்ரி ஒலிவியே என்ற இளைஞர் இளஞ்சிவப்பு வெங்காயத்தைப் படகில் ஏற்றி இங்கிலாந்தின் பிளிமத்துக்குக் கொண்டுபோய் விற்றார். அதன்பின் நூறாண்டுக்கு மேல், கோடை முடிவில் ஆண்களும் பையன்களும் கடல் கடந்து போய், வெங்காயச் சரங்களை முதலில் தோள்கம்பிலும் பிற்பாடு சைக்கிளிலும் தொங்கவிட்டு வீடு வீடாக விற்றார்கள். ஆங்கிலேயர்கள் அவர்களை ஜானி என்று அழைத்தார்கள். 1929இல் சுமார் 1,400 பேர் 9,000 டன் கொண்டுபோனார்கள். பிரிட்டிஷ் பவுண்டின் மதிப்பு சரிந்து, 1934இல் 400 பேருக்கும் குறைவு, 3,000 டன்னுக்கும் குறைவு. தொழிலில் உயிராபத்தும் இருந்தது: 1905 நவம்பரில் சவுத்தாம்ப்டனிலிருந்து திரும்பிய ஹில்டா என்ற நீராவிக் கப்பல் சான்-மாலோவுக்கு அருகே பாறையில் மோதி மூழ்கியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், அவர்களில் பலர் வெங்காயம் விற்றுத் திரும்பியவர்கள். நேரடியாக நுகர்வோரிடம் போனால் போதும் என்பவர்கள் இந்த வரலாற்றையும் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் கெடாத வெங்காயத்துக்கு அது சரிப்பட்டது. நான்கு நாளில் விரியும் ஆர்ட்டிசோக்கைச் சைக்கிளில் விற்க முடியாது.

1961க்கு வருவோம். ஜூன் 8 அதிகாலையில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் மொர்லே நகருக்குள் புகுந்து துணை ஆட்சியர் அலுவலகத்தைக் கைப்பற்றினார்கள். தலைமை தாங்கிய அலெக்சி கூர்வெனெக், பக்கத்து ஆன்விக் கிராமத்துக்காரர், அப்போது வயது 25. அவரும் சக தலைவர் மார்செல் லெயோனும் கைதானார்கள். போராட்டம் மேற்கு பிரான்ஸ் முழுக்கப் பரவியது. அதே மாதம் விசாரணை முடிந்து இருவரும் வெளியே வந்தார்கள். அந்த ஆகஸ்டில் எட்கார் பிசானி விவசாய அமைச்சரானார். கட்டுரை இங்கேதான் நிற்கிறது.

அதே 1961இல்தான் சான்-போலில் ‘சிகா’ என்ற விற்பனைக் கூட்டமைப்பு உருவாகி, ஏலக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. அது வேலை செய்யும் முறை நமக்குப் பழகிய ஏலத்துக்கு நேர் எதிர். விலை ஏறாது, இறங்கும். விவசாயி சரக்கைத் தரம், அளவு பிரித்துப் பெட்டியில் அடுக்கிக் கூட்டமைப்பின் நிலையத்தில் ஒப்படைக்கிறார். அங்கே கூட்டமைப்பின் ஆட்களே தரம் பார்க்கிறார்கள். வியாபாரியின் ஆள் அல்ல. ஒவ்வொரு குவியலும் ரகம், அளவு, எடை என்ற விவரங்களோடு ஏலத்துக்கு வரும். பதிவு பெற்ற வியாபாரிகள் ஒவ்வொருவர் முன்னும் ஒரு பொத்தான். கடிகாரம் எதிர்பார்க்கும் விலைக்கு மேலே தொடங்கிக் கீழே இறங்கும். முதலில் அழுத்துகிறவருக்குச் சரக்கு, நின்ற எண்தான் விலை. சில விநாடிகளில் ஒரு குவியல் முடிந்துவிடும். பணம் வியாபாரியிடமிருந்து கூட்டமைப்புக்கு, கூட்டமைப்பிலிருந்து விவசாயிக்கு. இப்போது வியாபாரிகள் கூடத்துக்கு வராமல் கணினியில் தொலைவிலிருந்தே வாங்குகிறார்கள், விதி அதேதான்.

இறங்கு ஏலத்தில் என்ன விசேஷம்? ஏறு ஏலத்தில் ஐந்து வியாபாரிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, ஒருவர் கேட்க நால்வர் சும்மா இருந்தால் போதும். இறங்கு ஏலத்தில் விலை விழட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் மற்ற நால்வரில் ஒருவன் அழுத்திவிடுவானோ என்ற பயம் இருக்கும். லாரி வெளியே நிற்கிறது, பாரிஸுக்கு இரவே போக வேண்டும், சரக்கு இல்லாமல் போக முடியாது. கூட்டுச்சதி அறவே முடியாது என்று சொல்லமாட்டேன், கஷ்டம். இன்னொன்று, விலை எல்லார் கண்முன்னும் எழுதப்படுகிறது. பக்கத்து வண்டிக்கு என்ன விலை என்ற கேள்வியே இல்லாமல் போனது.

ஆனால் கடிகாரம் ஓட ஒரு நிபந்தனை: உறுப்பினர் தன் சரக்கு முழுவதையும் அதன் வழியாகவே விற்க வேண்டும். நல்ல பெட்டிகளைத் தெரிந்த வியாபாரிக்குப் பின்வாசலில் கொடுத்துவிட்டு மிச்சத்தை ஏலத்துக்குக் கொண்டு வந்தால் ஏலக்கூடம் கழிவுக்கூடமாகிவிடும். வியாபாரிகளும் அங்கே வரத் தேவையிருக்காது. இந்த விதிதான் ஊரையே இரண்டாக்கியது. 1962 ஆகஸ்டில் வந்த பிசானியின் சட்டம், ஒரு பகுதியின் பெரும்பான்மை விவசாயிகள் ஒத்துக்கொண்டால் விற்பனை விதிகளைச் சேராதவர்களுக்கும் கட்டாயமாக்க வழி செய்தது. சுயேச்சை விவசாயிகளும் சில வியாபாரிகளும் கடுமையாக எதிர்த்தார்கள். என் நிலம், என் பயிர், எவனுக்கு விற்றால் உனக்கென்ன என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கூர்வெனெக்கைத் தெய்வமாகப் பார்த்தவர்களும் சர்வாதிகாரி என்று திட்டியவர்களும் ஒரே தெருவில் இருந்தார்கள்.

கடிகாரத்தால் முடியாததையும் சொல்ல வேண்டும். அது விலையைக் காட்டும், உருவாக்காது. தேவைக்கு மேல் சரக்கு வந்தால் அதுவும் பாதாளத்துக்குத்தான் ஓடும். அதற்காக ஒரு அடிவிலை வைத்தார்கள். அதைத் தொட்டும் யாரும் அழுத்தாவிட்டால் சரக்கு சந்தையிலிருந்தே விலக்கப்படும்; திரும்பச் சந்தைக்கு வராதபடி சாயம் தெளித்துக் கெடுத்துவிடுவார்கள். விவசாயிக்குச் சிறு இழப்பீடு கிடைக்கும். புகைப்படங்களில் மலைபோல் கொட்டிக் கிடக்கும் ஆர்ட்டிசோக் எல்லாமே கோபத்தில் கொட்டியது அல்ல, விதிப்படி கொட்டியதும் உண்டு. பசித்தவர் இருக்கும் உலகில் இது பார்க்கச் சகிக்காத காட்சிதான். ஆனால் அந்த ஒரு சுமை உள்ளே நுழைந்தால் மற்ற பத்துச் சுமையின் விலையும் அதனோடு விழும். பிற்காலத்தில் வந்த இன்னொரு சிக்கல், வாங்குகிறவர்களின் எண்ணிக்கை. பத்து சிறு வியாபாரிகளுக்கு இடையே போட்டியை உண்டாக்கக் கடிகாரத்தால் முடிந்தது. ஒருசில சூப்பர்மார்க்கெட் சங்கிலிகளின் கொள்முதல் நிலையங்கள் மட்டும் எதிரே உட்காரும்போது அதன் பல் கொஞ்சம் மழுங்கிவிடுகிறது.

விவசாயத்தை விட்டு ஊரைப் பார்த்தால், செவ்வாய்க்கிழமைச் சந்தை இன்றும் நடக்கிறது. வீட்டில் பிரிட்டனியின் சொந்த மொழியான பிரெத்தோன், பள்ளியில் பிரெஞ்சு என்று வளர்ந்த தலைமுறை குறைந்துவிட்டது. சாப்பாடு மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. லெயோன் பகுதியின் ஞாயிறு உணவு கிக்-ஆ-ஃபார்ஸ். பக்வீட் என்ற தானியத்தின் மாவு அரை கிலோ, முட்டை இரண்டு, உருக்கிய உப்பு வெண்ணெய் 100 கிராம், பாலும் இறைச்சிச் சாறுமாக அரை லிட்டர். கரைத்துத் துணிப்பையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பிக் கட்டி, மாட்டின் முன்காலும் உப்பிட்ட பன்றிக்காலும் காரட்டும் கோஸும் வேகும் அதே பானையில் இரண்டு மணி நேரம் இறக்குவார்கள். பையை நிறைத்துக் கட்டினால் மாவு உப்ப இடமின்றிக் கல்லாகிவிடும், அல்லது பை வெடித்துச் சாறு கஞ்சியாகும். வெந்தபின் பையை மேசையில் உருட்டி உதிர்த்து, இளஞ்சிவப்பு வெங்காயத்தை உப்பு வெண்ணெயில் சிவக்கவிடாமல் முக்கால் மணி நேரம் வதக்கிய ‘லிப்பிக்’கை மேலே ஊற்ற வேண்டும். அந்த வெங்காயத்துக்கு 2009இல் பிரெஞ்சுப் பிறப்பிடச் சான்றும், 2013இல் ஐரோப்பிய ஒன்றியப் பாதுகாப்பும் கிடைத்தன. வெளியூர் வெங்காயத்தைச் சரம் கட்டி ரோஸ்கோஃப் என்று விற்க முடியாது.

எல்லாம் சுபம் என்று எண்ணிவிட வேண்டாம். 2014 செப்டம்பரில் இதே பகுதிக் காய்கறி விவசாயிகள் மொர்லேயில் வரி அலுவலகத்துக்கும் விவசாயக் காப்பீட்டு அலுவலகத்துக்கும் தீ வைத்தார்கள். அதற்கு முந்தைய மாதம் ரஷ்யா ஐரோப்பியக் காய்கறிகளுக்குத் தடை போட்டிருந்தது. போக வேண்டிய சரக்கு உள்நாட்டிலேயே தேங்கியது. கடிகாரம் இருந்தும் இது நடந்தது. இன்னொரு பக்கம், காய்கறி வயல்களிலிருந்தும் கால்நடைப் பண்ணைகளிலிருந்தும் வடியும் நைட்ரேட் ஓர்ன், கியெக் ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஆற்றுமுகத்துக் கடற்கரைகளில் பச்சைப்பாசி குவிந்து அழுகுகிறது. அதிலிருந்து எழும் வாயு ஆபத்தானது. பிரிட்டனியில் இதற்காக அரசு கண்காணிக்கும் எட்டு விரிகுடாக்களில் இதுவும் ஒன்று. மொர்லே-ரோஸ்கோஃப் ரயில் 2018இல் பெருமழையில் பாதை சரிந்ததோடு நின்றது.

கடைசியாக ஒரு திருத்தம். பிரிட்டனி ஃபெரீஸ் கப்பல் நிறுவனத்தை ‘அரசு தொடங்கிய சுற்றுலாக் கப்பல்’ என்று கட்டுரை குறிப்பிட்டிருந்தது. அரசு செய்தது, 1968 அக்டோபரில் பிரிட்டனிக்குச் சுங்கமில்லாத நான்குவழிச் சாலைகளையும், ரோஸ்கோஃபுக்கு ஆழ்கடல் துறைமுகத்தையும் ஒப்புக்கொண்டது. துறைமுகம் தயாரானதும் கப்பல் விட எந்த நிறுவனமும் முன்வரவில்லை. கூர்வெனெக்கும் காய்கறி விவசாயிகளும் 1972இல் தாங்களே நிறுவனம் தொடங்கினார்கள். பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்த மறுநாள், 1973 ஜனவரி 2 அன்று, கெரிஸ்னெல் என்ற கப்பல் ரோஸ்கோஃபிலிருந்து பிளிமத்துக்குப் புறப்பட்டது. கெரிஸ்னெல் என்பது சான்-போலில் ஏலக்கூடம் இருக்கும் இடத்தின் பெயர். லாரிகளில் காலிஃபிளவரும் ஆர்ட்டிசோக்கும் ஏற்றிப்போகத்தான் கப்பல். பயணிகள் பிறகு சேர்ந்தவர்கள், இன்று வருமானத்தில் பெரும்பங்கு அவர்களால்தான். இந்தத் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், புதுச்சேரி